கீமோ நாட்களின் குமட்டலுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

தாழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய்க்காக டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய இரண்டையும் 21 நாளுக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள். நான்கு சுற்றில் இரண்டு முடிந்திருக்கிறது. மருந்து ஏற்றிய அன்று ஓரளவு நன்றாகவே இருக்கிறார். மறுநாள் மாலை தொடங்கும் குமட்டல்தான் ஐந்தாம் நாள் வரை அவரை வாட்டுகிறது. வாந்தியாவது எடுத்து முடித்தால் சற்று ஓய்கிறது, வாந்தியும் வராமல் வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருக்கும் நிலையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அடுப்பில் எது கொதித்தாலும் கதவைச் சாத்தச் சொல்கிறார். தண்ணீர் டம்ளரை நீட்டினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இரண்டு சுற்றில் நான்கு கிலோ இறங்கிவிட்டார்.

சென்ற வாரம் உறவினர் ஒருவர் ஒரு சிறிய புட்டியைக் கையில் வைத்துவிட்டுப் போனார். கஞ்சா எண்ணெய் என்றார். நாக்கின் அடியில் மூன்று சொட்டு விட்டால் குமட்டல் நின்றுவிடும் என்றார். புட்டியின் மேல் 10 மில்லிலிட்டர், 1000 மில்லிகிராம் என்பதைத் தவிர வேறெதுவும் அச்சிடப்படவில்லை. நாங்கள் வசிக்கும் இடத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் இத்தகைய எண்ணெயைச் சட்டப்படி மருந்தகத்தில் வாங்கலாம், ஆனால் இது அப்படி வந்ததன்று. மருத்துவரிடம் கேட்கலாம் என்றால் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "கஞ்சாவைப் பற்றிக் கேட்டால் அவர் என்னை என்னவென்று நினைப்பார்?" என்கிறார். அடுத்த சுற்றுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருந்துச்சாலை எழுதியது:

சகோதரி, அந்தப் புட்டியை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். பதினான்கு ஆண்டுகளாக மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில், காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். 10 மில்லிலிட்டரில் 1000 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 100. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்று கொண்டால், ஒரு சொட்டில் 5 மில்லிகிராம். உங்கள் உறவினர் சொன்ன மூன்று சொட்டில் 15 மில்லிகிராம். எதனுடைய 15 மில்லிகிராம் என்பதைத்தான் அந்தப் புட்டி சொல்லவில்லை. கஞ்சாச் செடியில் மருத்துவத்திற்கு முக்கியமான இரண்டு பொருள்கள் டி.எச்.சி.யும் சி.பி.டி.யும். குமட்டலைத் தணிப்பது முதன்மையாக டி.எச்.சி.; போதை தருவதும் அதுவே. சி.பி.டி. போதை தராது. அந்த 15 மில்லிகிராமும் சி.பி.டி. என்றால் பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரியாது. டி.எச்.சி. என்றால், இதற்கு முன் அதைத் தொட்டே பார்த்திராத, நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாத ஒருவரைத் தலைசுற்றிக் கீழே விழவைக்க அது போதும். கஞ்சாச் செடியின் விதையிலிருந்து பிழிந்த வெறும் எண்ணெயாக இருந்தால் இரண்டுமே ஏறத்தாழ இருக்காது. அதையும் "கஞ்சா எண்ணெய்" என்ற பெயரிலேயே விற்பவர்கள் இருக்கிறார்கள்.

புட்டியில் ஒட்டிய சீட்டில் அச்சிட்டிருப்பதையும் அப்படியே நம்ப முடியாது. இணையத்தில் விற்கப்பட்ட 84 சி.பி.டி. பொருள்களை அமெரிக்காவில் வாங்கிச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சீட்டில் சொன்ன அளவு 26 பொருள்களில்தான் சரியாக இருந்தது. 18 பொருள்களில் டி.எச்.சி. கலந்திருந்தது. மருத்துவர் எழுதி, மருந்தகத்தில் தரம் பார்த்து வருவதையும், கைமாறி வரும் புட்டியையும் ஒரே பெயரால் அழைப்பதுதான் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

மருத்துவர் என்ன நினைப்பார் என்ற கவலையை அம்மா விட்டுவிடலாம். டி.எச்.சி.யின் செயற்கை வடிவமான ட்ரோனாபினாலும், அதை ஒத்த நபிலோனும் கீமோ குமட்டலுக்கென்றே அமெரிக்காவில் 1985-இல் அனுமதி பெற்றவை. புற்றுநோய் மருத்துவருக்கு இந்தக் கேள்வி புதியதாக இருக்காது.

கல்விளக்கு எழுதியது:

தாழை, உங்கள் அம்மாவின் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. எனக்குக் குடல் புற்றுநோய், வயது 61, சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. கஞ்சா என்ற சொல்லை மருத்துவர் முன்னால் உச்சரிக்க எனக்கு மூன்று சந்திப்புகள் தேவைப்பட்டன. அவரோ தலையை நிமிர்த்தாமல், "வழக்கமான குமட்டல் மாத்திரைகளை எல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்ட பிறகும் குமட்டுகிறதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் சம அளவில் உள்ள எண்ணெயை எழுதிக் கொடுத்தார்.

எனக்கு அது உதவியது. குமட்டல் முற்றிலும் நீங்கவில்லை, ஆனால் வயிற்றுக்கும் தொண்டைக்கும் நடுவே எப்போதும் நின்றுகொண்டிருந்த அந்த உருண்டை சற்று இறங்கியது. இரவில் நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். இவற்றைச் சொல்லும்போது நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு, சொன்ன அளவை நாக்கின் அடியில் விட்டுக்கொண்டேன். ஏழு மணி வரை ஒன்றும் தெரியவில்லை. வேலை செய்யவில்லை போலும் என்று இன்னொரு வேளையையும் எடுத்துக்கொண்டேன். எட்டரை மணிக்கு இரண்டும் சேர்ந்து வந்தன. நெஞ்சு படபடவென்று அடித்தது. கழிவறையிலிருந்து கட்டிலுக்கு வரும் பத்தடி தூரம் முடியவே முடியாது போலிருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இவர் யார் என்று ஒரு கணம் யோசித்தேன். மறுநாள் நண்பகல் வரை மந்தமாகவே இருந்தேன். அந்தப் பயத்தில் அடுத்த பத்து நாள் எண்ணெயைத் தொடவில்லை. பயன் தந்திருக்கக்கூடிய பத்து நாளை என் அவசரத்தால் இழந்தேன் என்ற வருத்தம் இன்றும் உண்டு.

மருந்துச்சாலை எழுதியது:

கல்விளக்கு ஐயா இதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நாக்கின் அடியில் விட்டாலும் பெரும்பகுதி விழுங்கப்பட்டு வயிற்றுக்குத்தான் போகிறது. அங்கிருந்து கல்லீரலுக்குப் போய், டி.எச்.சி.யைவிட மூளையை எளிதில் எட்டும் வேறொரு வடிவமாக மாறிய பிறகே முழு வேகம் தெரியும். அதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். ஆறு முதல் எட்டு மணி நேரம் நீடிக்கலாம். ஆகவே முதல் வேளைக்குப் பின் அடுத்ததை அதே நாளில் நாமாகக் கூட்டக் கூடாது. சொட்டுக் கணக்கும் வேண்டாம். எண்ணெயின் அடர்த்திக்கேற்பச் சொட்டு பெரிதும் சிறிதுமாக விழும் என்பதால், ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்சில் 0.1 மில்லிலிட்டர் கோட்டைப் பார்த்து அளந்து கொடுப்பதுதான் முறை.

வெண்பருத்தி எழுதியது:

இங்கே எல்லோரும் குமட்டலைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டியையே கரைக்கும் எண்ணெயைப் பற்றி ஏன் யாரும் சொல்வதில்லை? என் கணவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருந்தபோது, ரிக் சிம்சன் என்ற கனடாக்காரர் சொன்ன, கஞ்சாவிலிருந்து எடுக்கும் கெட்டியான கறுப்பு எண்ணெய் முறையைப் படித்தோம். 90 நாளில் 60 கிராம். அரிசி மணியில் பாதியளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நாங்கள் அதைத் தாமதமாகத் தொடங்கினோம், அவரை இழந்துவிட்டோம். முன்பே தொடங்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்ற எண்ணம் என்னை விடவில்லை. டி.எச்.சி. எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது என்று 1975-லேயே எழுதியிருக்கிறார்கள். தாழை அந்த வாய்ப்பை இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்திவேளை எழுதியது:

வெண்பருத்தி அம்மா, உங்கள் கணவருக்காக வருந்துகிறேன். நோய்த்தணிப்புப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். "முன்பே தொடங்கியிருந்தால்" என்ற சொல்லை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். நீங்கள் தாமதித்ததால் அவரை இழக்கவில்லை என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன்.

1975-ஆம் ஆண்டு எலி ஆய்வு உண்மைதான். ஆய்வகத் தட்டில் வைத்த புற்றுநோய்ச் செல்களை டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் கொல்வதையும் பலர் பார்த்திருக்கிறார்கள். தட்டில் செல்லைக் கொல்லும் பொருள்கள் ஏராளம். அவற்றுள் மனித உடலில் மருந்தாக நிலைப்பவை மிகச் சில. மூளைக் கட்டி திரும்ப வந்த ஒன்பது பேருக்கு, கட்டிக்குள்ளேயே டி.எச்.சி.யைச் செலுத்தி ஸ்பெயின் மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட முடிவு, அப்படிச் செலுத்துவது பாதுகாப்பானது என்று காட்டியதே தவிர ஆயுள் நீண்டதாகக் காட்டவில்லை. அதே வகைக் கட்டிக்கு, வழக்கமான மருந்தோடு டி.எச்.சி., சி.பி.டி. கலந்த வாய்த்தெளிப்பைக் கொடுத்த சிறிய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 83 விழுக்காடு. மருந்துப்போலி, அதாவது மருந்தில்லாத போலித் தெளிப்பு, பெற்றவர்களில் 44 விழுக்காடு. கேட்பதற்கு நம்பிக்கையூட்டுகிறது. ஆனால் ஒரு பக்கம் 12 பேர், மறுபக்கம் 9 பேர் மட்டுமே இருந்த ஆய்வு அது. இரண்டு மூன்று பேர் இடம் மாறினால் எண்ணே மாறிவிடும். அதனால்தான் பிரிட்டனில் 2023-இல் பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். ஆராய்ச்சி நடக்கிறது, யாரும் மறைக்கவில்லை. அதன் முடிவு வரும்வரை, கீமோவுக்கு மாற்றாக எண்ணெயைக் கொடுப்பதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியும், ஆய்வுக்கு வெளியே இதைப் புற்றுநோயை எதிர்க்கும் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்றே சொல்கிறது.

அந்த 60 கிராம் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 90 நாளுக்கு 60 கிராம் என்றால் நாளுக்குச் சராசரியாக 667 மில்லிகிராம். அதில் பாதிதான் டி.எச்.சி. என்று வைத்துக்கொண்டாலும் 330 மில்லிகிராமுக்கு மேல். மருத்துவ ஆய்வுகளில் ஒரு வேளைக்கு 2.5 மில்லிகிராமில் தொடங்குகிறார்கள். இத்தகைய கறுப்பு எண்ணெயை எடுத்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல், தண்ணீரும் குடிக்காமல் இரண்டு நாள் கிடந்து எங்கள் பிரிவுக்கு வந்த முதியவரை நானே பார்த்திருக்கிறேன். நோய் முற்றிவிட்டது என்றே வீட்டார் நினைத்திருந்தார்கள். எண்ணெயை நிறுத்திய மூன்றாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து பேசினார். எஞ்சியிருந்த சில வாரங்களில் இரண்டு நாளை அந்த எண்ணெய் எடுத்துக்கொண்டுவிட்டது என்பதுதான் எனக்குத் தாளவில்லை.

வலியைப் பற்றியும் ஒரு சொல். மார்ஃபின் போன்றவற்றுக்கும் அடங்காத புற்றுநோய் வலிக்கு இந்த மருந்துகள் பயன் தரவில்லை என்றே பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டு 2023-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு முடிவு செய்தது. எண்ணெயை நம்பி மார்ஃபினைத் தாமாகக் குறைத்துக்கொண்டு இரவெல்லாம் துடிப்பவர்கள் உண்டு. யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

தாழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். கல்விளக்கு ஐயாவுக்கு மூன்று சந்திப்புகள் தேவைப்பட்டன என்ற இடத்தில் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நீயே கேள், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றார்.

இரண்டு கேள்விகள். "வழக்கமான மாத்திரைகளை ஒழுங்காக" என்பதில் எவையெல்லாம் அடங்கும்? அம்மாவுக்கு ஒண்டான்செட்ரான் மட்டுமே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அதையும் குமட்டல் வந்த பிறகுதான் கொடுத்தோம். அடுத்து, பசியைக் கூட்ட எண்ணெய் உதவுமா?

மருந்துச்சாலை எழுதியது:

நீங்கள் எழுதியதிலேயே விடையின் பாதி இருக்கிறது. கீமோ குமட்டலில் முதல் 24 மணி நேரத்தில் வருவது ஒரு வகை. மறுநாள் தொடங்கிப் பல நாள் நீடிக்கும் தாமதக் குமட்டல் இன்னொரு வகை. முதலாவதில் செரடோனினின் பங்கு பெரிது. அதைத் தடுப்பது ஒண்டான்செட்ரான். இரண்டாவதில் சப்ஸ்டன்ஸ் பி என்ற வேறொரு பொருளின் பங்கு கூடுதல். அங்கே ஒண்டான்செட்ரான் மட்டும் போதாது. உங்கள் அம்மா பெறும் இரட்டை மருந்து, குமட்டலை மிக அதிகமாகத் தூண்டும் வரிசையில் வைக்கப்பட்டது. அதற்கு ஒண்டான்செட்ரான் வகை ஒன்று, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, சப்ஸ்டன்ஸ் பி-யைத் தடுக்கும் அப்ரெபிடன்ட் வகை ஒன்று, ஓலன்சபின் என நான்கையும் சேர்த்துக் கொடுப்பதே இன்றைய வழிகாட்டிகளின் பரிந்துரை. ஓலன்சபின் அடிப்படையில் மனநோய்க்கான மருந்து. சீட்டைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், இங்கே சிறிய அளவில் சில நாளுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். இவற்றையெல்லாம் குமட்டல் வருமுன்பே, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். வந்த பிறகு துரத்திப் பிடிப்பது மிகக் கடினம். மருத்துவமனையில் ஏற்றும்போது இவற்றில் எவை கொடுக்கப்பட்டன என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மிஞ்சும் குமட்டலில்தான் கஞ்சாவின் இடம் வருகிறது. ஆஸ்திரேலியாவில் அத்தகையவர்களுக்கு, டி.எச்.சி. 2.5, சி.பி.டி. 2.5 மில்லிகிராம் உள்ள மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் வெளிவந்த முழு முடிவின்படி, வாந்தியும் இல்லாமல் கூடுதல் மருந்தும் தேவைப்படாமல் இருந்தவர்கள், மருந்துப்போலி பெற்றவர்களில் 8 விழுக்காடு. மாத்திரை பெற்றவர்களில் 24 விழுக்காடு. மூன்று மடங்கு என்று மகிழலாம். ஆனால் நான்கில் மூன்று பேருக்கு முழு நிவாரணம் கிடைக்கவில்லை என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. தூக்கக் கலக்கம், தலைசுற்றல் ஆகியவை மாத்திரை பெற்றவர்களுக்கே மிகுதி.

பசிக்கு இதை நம்ப வேண்டாம். 2002-இல் வந்த ஒப்பீட்டாய்வில் மெஜெஸ்ட்ரால் என்ற மருந்தால் 75 விழுக்காட்டினருக்குப் பசி மேம்பட்டது, ட்ரோனாபினாலால் 49 விழுக்காட்டினருக்கு. உணவின் சுவை சற்றுத் திரும்புகிறது என்று ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. அம்மாவின் எடை குறைவதோ குமட்டலால்தான் என்பதால், குமட்டல் அடங்கினால் எடையும் மீளும்.

மருத்துவர் எண்ணெயை எழுதினால், எல்லா மருந்துகளின் பட்டியலையும் அவர் முன் வையுங்கள். சி.பி.டி. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தின் அளவு அதனால் ஏறிவிடக்கூடும். அம்மாவுக்குப் பின்னால், மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரும் டமாக்ஸிபன் மாத்திரையைத் தொடங்குவதாக இருந்தால், அது உடலில் எண்டாக்ஸிபனாக மாறித்தான் வேலை செய்கிறது. அந்த மாற்றத்தையும் சி.பி.டி. குறைக்கலாம். நாளுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் சி.பி.டி. எடுத்துக்கொண்டால் கல்லீரல் அளவுகள் ஏறும் அபாயம் உண்டு. அவை ஏறினால் கீமோவையே தள்ளிப்போட நேரிடும். இன்னொரு செய்தி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: நோயெதிர்ப்புச் சிகிச்சை (உடலின் எதிர்ப்பாற்றலைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி) பெறுபவர்கள் கஞ்சாவைத் தவிர்ப்பது நல்லது. இஸ்ரேலில் செய்த இரண்டு அவதானிப்பு ஆய்வுகளில் அதைப் பயன்படுத்தியவர்களிடம் சிகிச்சையின் பலன் குறைவாகத் தெரிந்தது. காரணம் கஞ்சாதான் என்று அவை நிறுவிவிடவில்லை. ஆயினும் அந்த ஐயத்தை மருத்துவரிடம் பேசாமல் யாரும் தொடங்க வேண்டாம்.

வெண்பருத்தி எழுதியது:

அந்திவேளை எழுதியதை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசி மாதத்தில் என் கணவரும் பெரும்பாலும் தூக்கத்திலேயே இருந்தார். நோயால் என்றுதான் நினைத்திருந்தோம். இதற்கு மேல் எழுத இயலவில்லை. தாழை, மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள் அம்மா.

அந்திவேளை எழுதியது:

வெண்பருத்தி அம்மா, கடைசி மாதத்தில் தூக்கம் கூடுவது நோயினாலும் பெரும்பாலும் நிகழ்வதுதான். எது எண்ணெயால், எது நோயால் என்று பிரித்து எடை போட வேண்டாம். அவருக்காக நீங்கள் தேடிக்கொண்டே இருந்தீர்கள். எப்போது பேச வேண்டும் என்று தோன்றினாலும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

தாழை எழுதியது:

மூன்றாம் சுற்று முடிந்து எட்டு நாள் ஆகிறது. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு மருத்துவரைப் பார்த்தோம். புட்டியை மேசைமேல் வைத்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொடுக்காமல் கொண்டுவந்தது நல்லதாயிற்று" என்று அம்மாவைப் பார்த்தே சொன்னார். டெக்சாமெத்தசோனை நான்காம் நாள் வரை நீட்டி, இரவுக்கு ஓலன்சபினைச் சேர்த்தார். அப்ரெபிடன்ட் முன்பே தரப்பட்டிருந்தது. மாத்திரைகளை இம்முறை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தோம். வாந்தி ஒரு முறைகூட இல்லை. நான்காம், ஐந்தாம் நாளின் புரட்டல் மட்டும் நீடித்தது. அதுவும் முன்பிருந்ததில் பாதிதான். அந்த மீதிக்காக, நான்காம் சுற்றுக்குச் சம அளவு எண்ணெயை 2.5 மில்லிகிராமில் தொடங்க எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கல்விளக்கு எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. முதல் வேளையை நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில், பகலில் கொடுங்கள். கழிவறைக்குப் போகும்போது கூடவே போங்கள். நேரம், அளவு, பிறகு எப்படி இருந்தார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

தாழை எழுதியது:

நான்காம் சுற்றும் முடிந்தது. குறிப்பேட்டிலிருந்து அப்படியே எழுதுகிறேன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு 2.5 மில்லிகிராம், பதினொன்றரைக்கு வாய் உலர்வதாகச் சொன்னார், பன்னிரண்டு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், அதன் பிறகு தூங்கிவிட்டார். முந்தைய இரவின் ஓலன்சபினும் சேர்ந்துகொண்டது என்று தொலைபேசியில் சொன்ன மருத்துவர், அளவைப் பாதியாக்கச் சொன்னார். நான்காம் நாள் பாதி அளவு, தலைசுற்றல் இல்லை, பிற்பகலில் தாமாகவே அடுக்களைக்கு வந்து, என்ன கொதிக்கிறது என்று கேட்டார். ஐந்தாம் நாளும் அதே அளவு. புரட்டல் காலையில் மட்டும் இருந்தது. எண்ணெயால் எவ்வளவு, மற்ற மருந்துகளால் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. எடை அரைக் கிலோ ஏறியிருக்கிறது.

ஆறாம் நாளோடு எண்ணெயை நிறுத்திவிட்டோம். டமாக்ஸிபன் தொடங்கிய பிறகு தம்மைக் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது என்று மருத்துவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். மிஞ்சியதையும், உறவினர் கொடுத்த பழைய புட்டியையும் மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டோம்.